தேதித் தாளுக்குள் பாபிலோன்

(காட்சி: மயிலாப்பூரில் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவர். ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளை ஒரு கை கிழிக்கிறது.)

மளிகைக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டர் இது. காலையில் தேதி கிழித்ததும் ராகு காலத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் உள்ளங்கை அளவே உள்ள இந்தத் தாளில் அச்சாகியிருக்கும் மணி, கிழமை, ராசி, எண் ஆகியவை வெவ்வேறு ஆற்றங்கரைகளில் பிறந்து, பல நூற்றாண்டுகள் கைமாறி, நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தவை.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியர்கள், கி.மு. 3200 வாக்கில் ஊருக் நகரில் ஈரக் களிமண் பலகைகளில் குறிகளைப் பதித்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை பாட்டும் அல்ல, கதையும் அல்ல. எவ்வளவு பார்லி வந்தது, எத்தனை ஆடு போனது என்ற கணக்குகள். அந்தக் கணக்கில் அறுபதுக்குத் தனி இடம் உண்டு. 2, 3, 4, 5, 6 ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது என்பதை நினைத்தால், பங்கு பிரிப்பவருக்கு எத்தனை வசதியாக இருந்திருக்கும் என்பது விளங்கும். பின்னர் அதே மண்ணில் வாழ்ந்த பாபிலோனியர் அதே அறுபதைக் கொண்டு வானத்தை அளந்தனர். அவர்களிடமிருந்து கிரேக்க வானியலாளர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரு மணிக்கு 60 நிமிடம் வந்த வழி இதுதான். நம் பஞ்சாங்கத்திலும் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை.

பகலுக்கு 12, இரவுக்கு 12 என்று 24 மணியை வகுத்தவர்கள் எகிப்தியர்கள்.

(காட்சி: காலண்டர் தாளின் கீழ்ப்பகுதி. ‘ஓரை’ என்ற சொல் பெரிதாகிறது.)

‘சுக்கிர ஓரையில் தொடங்குங்கள்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பஞ்சாங்கத்தின் இந்த ‘ஓரை’, மணிப்பொழுதைக் குறிக்கும் ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிழமைகளின் வரிசையும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. கோள்களை, வானில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை எழுதினால் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று வரும். இந்த வரிசையில் ஒவ்வொரு ஓரையையும் ஒவ்வொன்றுக்குக் கொடுத்துக்கொண்டே போவோம். முதல் ஓரை சனிக்கு என்றால், ஏழேழாக மூன்று சுற்று முடிந்து 22-ஆவது ஓரை மீண்டும் சனிக்கு, 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. ஆகவே மறுநாளின் முதல் ஓரை ஞாயிறுக்கு. அதற்கும் மறுநாள் திங்களுக்கு. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நம் ஏழு கிழமைகளும் பிசகாமல் வந்து நிற்கும். பாபிலோனின் கோள் அறிவும் எகிப்தின் மணிக்கணக்கும் கிரேக்கர் கையில் கலந்து உருவான இந்த வரிசையை ரோமரும் ஏற்றனர், நாமும் ஏற்றோம்.

பன்னிரண்டு ராசிகளும் பாபிலோனியர் வகுத்தவையே. அவர்களுடைய வானத்தில் வெள்ளாட்டுத் தலையும் மீன் உடலுமாக இருந்த உரு, நம்மிடம் வந்து மகரமாயிற்று.

வாங்கிய நாம் கொடுத்தும் இருக்கிறோம். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. அதற்கு மாறாக, இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும் இலக்கமும் பூச்சியமும் இந்திய மண்ணில் வளர்ந்தவை. கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் பூச்சியத்துக்கு விதிகள் எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் இந்த எண்முறையை விளக்கி எழுதினார். அங்கிருந்து அது ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலேயரோடு கப்பலேறித் திரும்பி வந்து, இந்தத் தாளில் கொட்டை எழுத்தில் தேதியாக நிற்கிறது.

(காட்சி: நுங்கம்பாக்கம், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண்.)

1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தூண் இது. அதில் தமிழும் தெலுங்கும் லத்தீனும் செதுக்கப்பட்டுள்ளன. பூமி ஒரு நாளில் ஒரு முழு வட்டம் சுழல்கிறது. அந்த வட்டத்துக்கான பாபிலோனியரின் 360 பாகையை எகிப்தியரின் 24 மணியால் வகுத்தால், ஒரு மணிக்கு 15 பாகை. உலக நேரக் கணக்கின் தொடக்கப் புள்ளியான லண்டனின் கிரீன்விச்சிலிருந்து சென்னை ஏறக்குறைய எண்பதேகால் பாகை கிழக்கே இருக்கிறது. அதைப் பதினைந்தால் வகுத்தால் 5 மணி 21 நிமிடம். ‘மெட்ராஸ் நேரம்’ என்பது அதுவே. 1906-இல் இந்திய சீர் நேரம் நடைமுறைக்கு வரும்வரை, இந்நாட்டு ரயில்கள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் புறப்பட்டன.