திரும்பிய கப்பல்

வணக்கம். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்றதும் கழுத்தில் போல்ட் வைத்த ஒரு பூதம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது 1931இல் வந்த சினிமா கொடுத்த முகம். மேரி ஷெல்லி எழுதிய மூல நாவலில் போல்ட்டும் இல்லை, பூதத்துக்கு அந்தப் பெயரும் இல்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்த விக்டரின் குடும்பப் பெயர். செய்ததற்கு அவன் பேரே வைக்கவில்லை.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியது வானத்தை மறைத்ததில் மறு வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரைக்குப் பொழுதுபோக்க வந்த சிலர் விடாத மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அங்கிருந்த 18 வயது மேரி எழுதத் தொடங்கியதுதான் இந்த நாவல். 1818 ஜனவரியில் வெளிவந்தபோது அச்சிட்டது 500 பிரதி. அதில் மேரி ஷெல்லி என்ற பெயரே இல்லை. இயற்கையை அடக்கப் பார்ப்பவனின் கதைக்கு ஓர் எரிமலை பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது, பாருங்கள்!

மின்சாரத்தைக் கண்டு ஊரே வாய்பிளந்த காலம் அது. இத்தாலிய விஞ்ஞானி கால்வானி செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்திருந்தார். அவருடைய சகோதரி மகன் ஆல்தீனி, 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது.

நாவலிலும் ஒரு கண் திறக்கிறது, விக்டர் உயிரூட்டிய பூதத்தின் கண். நவம்பர் இரவு, ஜன்னலில் மழை, மெழுகுவத்தி அணையப் போகிறது. மங்கலான மஞ்சள் கண். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஊண் உறக்கம் பார்க்காமல் உழைத்த விக்டர் என்ன செய்தான்? அறையைவிட்டு ஓடிப்போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான்.

சரி, அப்புறமாவது திருந்தினானா? திருந்தினான் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடைசிப் பக்கங்களைப் பாருங்கள்.

வட துருவத்தைத் தேடிப் போகும் வால்டனின் கப்பல் பனியில் சிக்கியிருக்கிறது. வழியில் வால்டன் காப்பாற்றி ஏற்றிக்கொண்ட விக்டரும் அதில் இருக்கிறான். மாலுமிகள் சிலர் செத்தும் போய்விட்டார்கள். மற்றவர்கள் அறைக்கு வந்து, பனி விலகினால் தெற்கே திரும்புவதாக வாக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். வால்டன் வாய் திறக்கவில்லை. சாகக் கிடக்கும் விக்டர் எழுந்து பேசுகிறான். என் கதியைப் பார்த்துப் பாடம் படி என்று வால்டனை எச்சரித்த அதே விக்டர்! கோழைகளாகத் திரும்பாதீர்கள், பனிக்கட்டி உங்கள் நெஞ்சைவிட உறுதியானதா என்கிறான். நல்ல பேச்சுதான், மேடையில் நிற்கிற எனக்கே பொறாமை. மாலுமிகளும் நெகிழ்ந்து போனார்கள், ஆனால் மனம் மாறவில்லை. இரண்டு நாளில் வால்டன் இணங்கினான்.

பனி உடைந்து தெற்கே வழி திறந்தபோது மேல்தளத்தில் ஒரே ஆரவாரம். கண்ணயர்ந்திருந்த விக்டர் விழித்து, என்ன சத்தம் என்று கேட்டான். ஊருக்குப் போகப் போகிறோம் என்று கத்துகிறார்கள் என்றான் வால்டன். விக்டர் எழப் பார்த்தான், முடியவில்லை.

சாகும்போது வால்டனிடம், பேராசை வேண்டாம், அறிவியலில் பெயரெடுக்கும் ஆசையானாலும் வேண்டாம் என்றான். ஒரு கணம் நிறுத்தி, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். நான் தோற்றேன், இன்னொருவன் ஜெயிக்கலாமே என்றான்.