ரன்னிங் ஸ்டார்ட் நிஜமாகவே இலவசமா? பாத்தெல் சகோதரியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். சியாட்டில் பக்கம் பாத்தெலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். பதினொன்றாவதில் இருந்து கம்யூனிட்டி காலேஜுக்கே, அதாவது உள்ளூர் இரண்டு வருஷக் காலேஜுக்கே, போய்ப் படிக்கலாம், ஃபீஸ் கிடையாது, ரன்னிங் ஸ்டார்ட் என்று பள்ளிக் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். இது நிஜமாகவே இலவசமா, நாங்கள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது) இருக்கிறோமே அது தடையா, இதைவிட ஏபி (காலேஜ் அளவுப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வு எழுதுவது) நல்லதா, இதுதான் கேள்வி.

விசாவை முதலில் முடித்துவிடலாம். தடை இல்லை. வாஷிங்டன் மாநிலத்து அரசுப் பள்ளி மாணவி, பதினொன்று அல்லது பன்னிரண்டாவது, அதுதான் தகுதி. குடியுரிமை கேட்பதில்லை. சொல்லப்போனால் நம் எச்-4 பிள்ளைகளுக்குத்தான் இது பெரிய உதவி, ஏனென்றால் பட்டப்படிப்புக்குப் போகும்போது அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகையும் கல்விக்கடனும் அவர்களுக்குக் கிடையாது, கிரீன் கார்டு வரிசையோ நகர்வதாகத் தெரியவில்லை, 21 வயது ஆனால் எச்-4 போய்விடும். அதற்குள் எவ்வளவு படிப்பை முடிக்கிறாளோ அவ்வளவு நல்லது என்ற கவலை உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இலவசமா? டியூஷன் ஃபீஸ் இலவசம், அதில் சந்தேகமே வேண்டாம். 1990-ல் கொண்டுவந்த சட்டம் இது. பள்ளிக்கு மாநிலம் கொடுக்கும் பணத்தில் இருந்து காலேஜுக்குப் பங்கு போகிறது. ஒரு க்வார்ட்டருக்கு (சுமார் மூன்று மாதப் பருவம்) 15 கிரெடிட் (படித்த அளவை எண்ணும் கணக்கு) வரை எடுக்கலாம், ஆனால் பள்ளியிலும் நிறைய வகுப்பு வைத்துக்கொண்டால் அந்த அளவு குறையும், மிஞ்சியதற்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். புத்தகம், லேப் ஃபீஸ், போக்குவரத்து எல்லாம் நம் செலவு. பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி உள்ள குடும்பம் என்றால் ஃபீஸில் விலக்கு உண்டு, புத்தகத்துக்கும் உதவி கிடைக்கும், கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, 100-க்குக் கீழே எண் போட்ட அடிப்படை வகுப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதனால் எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் கணக்கு, இங்கிலீஷ் பிளேஸ்மென்ட் தேர்வைச் சும்மா போய் எழுதிவிட்டு வரக் கூடாது, படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இதில் என்ன மிச்சம் என்றால், காலேஜில் 5 கிரெடிட் உள்ள ஒரு வகுப்பு பள்ளியில் 1 கிரெடிட்டாக விழும். அதாவது மூன்று மாதத்தில் முடியும் ஒரு க்வார்ட்டர் வகுப்பு, பள்ளியில் ஒரு வருஷப் பாடத்துக்குச் சமம். இரண்டு வருஷம் முழுநேரம் போனால் 90 கிரெடிட், அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருஷப் பட்டம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு 180 கிரெடிட் வேண்டும். பாதி முடிந்தது! அங்கே மாநிலத்தவருக்கே டியூஷன் வருஷத்துக்கு 12,000 டாலருக்கு மேல் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த "பாதி முடிந்தது" என்ற இடத்தில்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கிரெடிட் எண்ணிக்கை வேறு, அது எதற்குப் பயன்படும் என்பது வேறு. இன்ஜினீயரிங் போகப் போகிற பிள்ளை சைக்காலஜி, சோசியாலஜி, டிராமா என்று 90 கிரெடிட் சேர்த்துக்கொண்டு போனால், உள்ளே போய் கால்குலஸில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், கால்குலஸ் முடித்தால்தான் அடுத்தது, அது முடித்தால்தான் அதற்கு அடுத்தது, ஆக இரண்டு வருஷம் குறையவே குறையாது. அதே பிள்ளை காலேஜில் மேத் 151 என்ற முதல் கால்குலஸ் வகுப்பை எடுத்தால் அது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மேத் 124-க்கு நேராக உட்காரும். எந்தக் காலேஜின் எந்த வகுப்பு எதற்குச் சமம் என்று அவர்களே பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஈக்விவலன்சி கைடு என்று தேடுங்கள். வகுப்பைப் பதிவு செய்வதற்கு முன் தேடுங்கள், முடித்த பிறகு அல்ல.

வெளிமாநிலம், பெரிய தனியார் பல்கலைக்கழகம் என்று கனவு இருந்தால் இன்னும் கவனம். அவற்றில் பல, பள்ளிப் படிப்பை முடிக்கப் பயன்படுத்திய கிரெடிட்டை ஏற்பதில்லை. ஏபி பற்றிக் கேட்டீர்களே, அதன் பலம் இங்கேதான், நாடு முழுக்க அதற்கு மதிப்பு உண்டு. பலவீனம் என்னவென்றால் வருஷம் முழுக்கப் படித்ததை மே மாதத்தில் ஒரே ஒரு தேர்வு தீர்மானிக்கும், தேர்வுக்குச் சுமார் 100 டாலர், மார்க் குறைந்தால் கிரெடிட் இல்லை. பரீட்சை என்றாலே பதறுகிற பிள்ளைக்கு ரன்னிங் ஸ்டார்ட், பரீட்சையில் கெட்டி என்றால் ஏபி. நான் அப்படித்தான் சொல்வேன். இரண்டையும் கலந்து செய்கிற பிள்ளைகளும் உண்டு. பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே காலேஜ் வகுப்பு நடத்தும் "காலேஜ் இன் தி ஹை ஸ்கூல்" என்று ஒன்றும் இருக்கிறது, 2023-ல் வந்த சட்டத்தால் அதற்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. கார் ஓட்ட ஆளில்லாத வீட்டுக்கு அது நல்லது.

இப்போது எங்கள் வீட்டில் நடந்தது. பெரியவள் முதல் க்வார்ட்டரில் கெமிஸ்ட்ரி எடுத்தாள். பள்ளியில் என்றால் மார்க் எல்லாம் என் போனுக்கே வந்துவிடும். காலேஜில் ஒன்றும் வராது. போன் பண்ணிக் கேட்டால், பிள்ளையின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பேச முடியாது என்கிறார்கள், பதினாறு வயதுதான் என்றாலும் அவள் காலேஜ் மாணவி, சட்டம் அப்படி. நான் பாட்டுக்கு எல்லாம் நன்றாகப் போகிறது என்று இருந்தேன். நவம்பரில் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாய்க்குப் போகவில்லை. என்னடி என்றால் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள், இரண்டாவது மிட்டெர்மில் 54. வகுப்பை விட்டு விலகும் கடைசித் தேதி நான்கு நாள் முன்னால் முடிந்துபோயிருந்தது. அந்தத் தேதி முதல் நாள் கொடுத்த சிலபஸிலேயே இருந்தது, நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சி பிளஸ் வாங்கினாள். அந்த சி பிளஸ் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டிலும் (மதிப்பெண் பதிவு) இருக்கிறது, பள்ளி டிரான்ஸ்கிரிப்டிலும் இருக்கிறது, இனி எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் கூடவே போகும். அதனால் முதல் க்வார்ட்டர் ஒரு வகுப்பு, மிஞ்சினால் இரண்டு, போதும். சிலபஸைப் பிரிண்ட் எடுத்துத் தேதிகளை வட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

அப்புறம் பள்ளிப் பட்டத்துக்கு வேண்டியதை மறக்க வேண்டாம். தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் அசோசியேட் டிகிரிக்கு எல்லாம் முடித்துவிட்டான், பள்ளிக்கு வேண்டிய ஹெல்த் அரை கிரெடிட் மட்டும் பாக்கி, ஏப்ரலில்தான் தெரிந்தது, அந்த வீட்டில் அந்த மாதம் யாருக்கும் தூக்கமில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, மகளைச் சேர்க்கலாமா என்றால் தாராளமாகச் சேருங்கள். அவள் முதல் வருட மாணவியாகத்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பாள், அதனால் அங்கே அவள் வாய்ப்பு எதுவும் பறிபோகாது. எத்தனை கிரெடிட் இலவசமாக எடுக்கலாம் என்று பள்ளி உறுதிசெய்யும் என்ரோல்மென்ட் வெரிஃபிகேஷன் படிவம் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு க்வார்ட்டருக்கும் கவுன்சிலருடன் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது என்று நினைத்து ஆகஸ்ட் வரை காத்திருக்காதீர்கள், ஜூனில் பள்ளி மூடிவிட்டால் கவுன்சிலரைப் பிடிக்க முடியாது. மே மாதமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.