முதலில் வாய்க்கால், அப்புறம் கன்று

அவைத் தலைவர் அவர்களே, வனத்துறை அலுவலர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஒருநாள் படகுக் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பிச்சாவரம் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் பெருமகனாருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சதுப்புக் காட்டில் மரம் செத்தால் அடுத்து என்ன முளைக்கும்? பிச்சாவரம், கஜா புயலுக்குப் பிந்தைய முத்துப்பேட்டை என்று இரண்டு காடுகளை வைத்துப் பேச வந்தேன். முதலில் பிச்சாவரம்.

வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை இங்கே கூப்புப் போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனது. வெயிலில் சேறு காய்ந்து இறுகி, தரை நடுவில் தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் கடல் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வெண்கண்டல் மரம் நின்ற இடத்தில் உப்பைத் தாங்கும் உமிரிச் செடி படர்ந்தது. உப்பு இன்னும் ஏறிய இடத்தில் உமிரியும் இல்லை, வெறும் களர்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். நான் எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஒருமுறை இப்படிப்பட்ட உவர்த்திட்டில் மரம் நடும் விழா நடந்தது. பந்தல், பதாகை, கேமரா எல்லாம் வந்திருந்தன. ஆளுக்கொரு கன்றை ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஓரமாக நின்ற இருளர் பெரியவர் ஒருவர் குனிந்து, தேங்கிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கீழே துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, தண்ணி போறதுக்கு வழி வெட்டாம செடிய வச்சா, வெயில்ல கருவாடுதான் ஆவும்" என்றார். அடுத்த கோடையில் நான் போய்ப் பார்த்தபோது அங்கே காய்ந்த குச்சிகள்தான் நின்றன.

தண்ணீரின் ஆழமும் உப்பும் தெரியாமல் காலை விட்ட கதைதான் அது. அதே பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக வெட்டின. ஏற்றவற்ற நீர் உள்ளே போய் வந்தது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் சரிவில் வைத்த வெண்கண்டல் பிழைத்தது.

முத்துப்பேட்டைக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். சரி, கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வெட்டிய வாய்க்காலில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். தூர்வார ஆண்டுதோறும் நிதி வேண்டும். அந்த வேலையை இருளர் குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும். வாய்க்கால் இல்லாத களரில் மரம் நடும் விழாவுக்கு அனுமதி தரக் கூடாது. மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.