ஒரு ரக்பி ஓவியமும் ஒரு நாள் கூலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

போர்க்களக் காட்சிகளால் பெயர்பெற்ற ஆங்கில ஓவியர் வில்லியம் பார்ன்ஸ் வோலன், 1895இல் ஒரு ரக்பி ஆட்டத்தை வரைந்தார். 1893 நவம்பரில் பிராட்ஃபோர்டின் பார்க் அவென்யூ மைதானத்தில் வட இங்கிலாந்து மாவட்டங்களான யார்க்‌ஷயரும் லங்காஷயரும் மோதிய ஆட்டம் அது. யார்க்‌ஷயருக்கு வெள்ளை ரோஜா, லங்காஷயருக்குச் சிவப்பு ரோஜா சின்னம் என்பதால் ஓவியத்தின் பெயர் 'ரோஜாப் போட்டி'.

அந்த ஆட்டத்துக்கு இரண்டே மாதம் முன்பு லண்டனில் இங்கிலாந்தின் ரக்பி ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி சங்கம் கூடியது. வடக்கின் ஆட்டக்காரர்களில் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் உழைத்தவர்கள் ஏராளம். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகாமல் வெளியூருக்கு ரயில் ஏறினால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதியுங்கள் என்று யார்க்‌ஷயர்காரர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. தோற்றது. காசு வாங்கி ஆடினால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்றார்கள் எதிர்த்தவர்கள். அன்றாடக் கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது.

1895 ஆகஸ்ட் 29. ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஓட்டலில் வடக்கின் கிளப்புகள் கூடி, தனியே வடக்குச் சங்கத்தைத் தொடங்கின. வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் தரலாம் என்பது அவர்கள் விதி. 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று குறைத்தார்கள். அதுதான் இன்று ரக்பி லீக் என்ற தனி ஆட்டம்.

பிரிந்து போனவர்களின் உருவங்களை ஓவியத்திலிருந்து அழித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருவங்களை இடம் மாற்றி வரைவது ஓவியர்களின் வழக்கம்தான். ஆனால் இப்படி ஒரு கதை ஏன் பிறந்தது என்பது புரிகிறது. வடக்குச் சங்கத்துக்கு ஆடப் போனவர்களைப் பழைய சங்கம் உண்மையிலேயே விலக்கி வைத்தது. அது சாதாரண இழப்பா? மாவட்டங்களுக்கான முதல் எட்டுப் போட்டித் தொடர்களில் ஏழு தொடர்களை வென்றது யார்க்‌ஷயர்! நாடுகளுக்கிடையிலான தொடரில் 1892இல் சாம்பியனான இங்கிலாந்து, அடுத்த பட்டத்துக்கு 1910 வரை காத்திருந்தது.

சரி, கூலி கொடுக்காத பழைய சங்கத்தின் ரக்பி என்ன ஆனது? 1995 ஆகஸ்டில் அதுவும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர ஒப்புக்கொண்டது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து நூறு ஆண்டு நிறைய அப்போது சில நாட்களே பாக்கி.

நன்றி, வணக்கம்.