வளையல் லூசாகுதா, கொஞ்சம் கவனிங்க

வணக்கம் நேயர்களே. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், என்கிட்ட வர்றவங்க முக்காவாசி பேர் வயசானவங்க தான். இன்னைக்கு சுகர் இருக்குற அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் சதை, அதாவது மசில் (கொழுப்பு இல்ல) கரையறத பத்தி பேசப்போறேன்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, 68 வயசு, ரொம்ப வருஷமா சுகர், முட்டி வலிக்குதுன்னு தான் வந்தாங்க. கைய தூக்கும்போது தங்க வளையல் ரெண்டும் சர்ருன்னு முழங்கை வரைக்கும் போகுது, இறக்குனா மணிக்கட்டுல வந்து விழுது. என்னம்மா இவ்ளோ லூசுன்னு கேட்டேன். "மக கல்யாணத்துக்கு செஞ்சது கண்ணு, அப்ப சோப்பு போட்டு தான் மாட்டுனேன், இப்ப எளச்சுட்டேன்ல, டாக்டரும் எளைக்கத்தானே சொன்னாரு"ன்னு சந்தோஷமா சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. ஏன்னா வயிறு அப்படியே இருக்கு, மெலிஞ்சது கையும் தொடையும்.

இப்படி வயசாக ஆக சதை கரையறதுக்கு சார்கோபீனியான்னு பேரு, 1989ல இர்வின் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் வச்ச பேரு. நாம சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரைல பெரும்பங்க வாங்கி வச்சுக்கறது நம்ம சதை தான். சதை குறைஞ்சா சர்க்கரை போக இடமில்லாம சுகர் ஏறும், இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா புதுசா சதை வைக்காது, இருக்கறதும் கரையும், இது அதை இழுக்க அது இதை இழுக்கன்னு போய்க்கிட்டே இருக்கும். பொம்பளைங்களுக்கு சதை முதல்லயே ஆம்பளைங்கள விட கம்மி, தீட்டு நின்னப்புறம் சதைக்கு துணையா இருக்குற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோனும் குறைஞ்சுடுது.

வீட்லயே பாக்கலாம். கை இல்லாத சேர் ஒன்ன சுவத்தோரமா போட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு அஞ்சு தடவ எழுந்து உக்காருங்க, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. டெய்லர் டேப்ல கெண்டைக்கால அளந்து பாருங்க, பொம்பளைங்களுக்கு 33 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தாலும் அப்படித்தான். அந்தம்மாவுக்கு 19 செகண்ட் ஆச்சு.

அப்புறம் சாப்பாடு கேட்டேன். காலைல ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு ரசம், ராத்திரி கோதுமை ரவை கஞ்சி. முட்டை பேரனுக்கு, மீன் துண்டு மகனுக்கு, இவங்களுக்கு வெறும் குழம்பு! சுகர்னு சொன்ன அன்னைலருந்து சோத்த குறைச்சாங்க, அந்த இடத்துல வேற எதையுமே வைக்கல. எனக்கு ஆத்திரமே இதுல தான். 55 கிலோ இருக்குற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 55லருந்து 65 கிராம் புரோட்டீன் வேணும், ரெண்டு இட்லில 4 கிராம் தேறுனா பெருசு. ஒரு முட்டைல 6 கிராம் இருக்கு. முட்டை சாப்பிடாதவங்க சுண்டல், பாசிப்பயறு, கெட்டிப்பருப்பு, தயிர், பன்னீர்னு மூணு வேளைக்கும் பிரிச்சு சாப்பிடுங்க. கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டர கேக்காம கூட்டாதீங்க.

"நான் தான் தினமும் வாக்கிங் போறேனே"ம்பாங்க. நல்லது தான், ஆனா சதை வைக்க அது பத்தாது, கனம் தூக்கணும். சேர்ல உக்காந்து எழுந்திரிக்கறது, அடுப்பு மேடைய புடிச்சுக்கிட்டு குதிகால தூக்கறது, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கைல தூக்கி இறக்கறது, வாரத்துல ரெண்டு மூணு நாள் செஞ்சா போதும். மாத்திரை, இன்சுலின் போடுறவங்க வெறும் வயித்துல செய்யாதீங்க, லோ சுகர் ஆகிடும். வீட்ல இருக்குற புள்ளைங்களுக்கும் ஒன்னு சொல்றேன், பாசத்துல "நீ உக்காரும்மா"ன்னு சொல்லி சொல்லியே அவங்கள எழுந்திரிக்க முடியாம பண்ணிடாதீங்கய்யா.

அந்தம்மா மூணு மாசம் விடாம செஞ்சாங்க, பேரனுக்கு வேக வைக்கும்போதே இன்னொரு முட்டையும் சேத்து போட்டுக்கறாங்க. இப்ப 13 செகண்ட்ல வந்து நிக்குது. 12க்குள்ள கொண்டு வந்துடணும்னு போன வாரம் பேத்தியோட வாட்ச வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க.