ஓடைக்குள் கட்டிய அச்சகம்
(அருங்காட்சியக நாள் விழா உரை)

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற காப்பாட்சியர் பெருமக்களே, பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, மண்டபம் தந்துதவிய அறங்காவலர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அமெரிக்காவின் டென்வர் நகரத் தொடக்கக் காலத்தைக் காட்சிக்கு வைப்பது பற்றி மூன்று செய்திகள்: ஓடை, அச்சு, நிலப்படம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். அதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

1858இல் தங்கம் தேடி வந்தவர்கள் செர்ரி கிரீக் ஓடையின் ஒரு கரையில் டென்வரையும் மறுகரையில் ஆரேரியாவையும் நிறுவினார்கள். இரண்டு ஊருக்கும் கடும் போட்டி. 1859 ஏப்ரல் 23இல் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' ஏட்டைத் தொடங்கிய வில்லியம் பையர்ஸ், எந்தப் பக்கமும் சாய்ந்ததாகப் பேர் வரக்கூடாது என்று, வறண்டு கிடந்த ஓடைப் படுகையிலேயே கால்கள் நட்டு அதன்மேல் அலுவலகம் கட்டினார்! அங்கே தலைமுறை தலைமுறையாக முகாமிட்டு வந்த அரப்பாஹோ பழங்குடி மக்கள், வெள்ளம் வரும் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள். யார் கேட்டார்கள்? 1864 மே 19 இரவு மேட்டில் கொட்டிய மழை ஓடையில் இறங்கியது. அச்சகம் போயிற்று, எந்திரம் போயிற்று. நகரமன்றக் கட்டடமும் ஆவணங்கள் வைத்திருந்த இரும்புப் பெட்டியும் போயின. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள், ஐயா!

அச்சுக்கு வருகிறேன். ஈய அச்செழுத்துகளை ஓக் மரப் பேழையிலோ ஒட்டுப்பலகைப் பேழையிலோ வைத்து மூடினால், மரத்திலிருந்து கிளம்பும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து எழுத்தின் முகமே போய்விடும். கண்ணாடி, உலோகப் பேழையே நல்லது. மரம்தான் உண்டென்றால் உட்புறம் முழுக்க அலுமினியப் படலம் ஒட்டுங்கள். பழைய செய்தித்தாளுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) போதும். சில மாதத்துக்கொரு முறை வேறு இதழை மாற்றி வையுங்கள்.

பேழை சரியாக இருந்தால் போதுமா? வெள்ளம் வந்த ஆறே மாதத்தில், நவம்பர் 29 அன்று, அமெரிக்கப் படை அதிகாரி கர்னல் சிவிங்டனின் படை சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் செயென், அரப்பாஹோ பழங்குடி மக்களைக் கொன்று குவித்தது. மாண்டவர் 230க்கு மேல். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதே ஏடு அதை வீரச்செயல் என்று கொண்டாடியது. அந்தத் தாளைப் பேழையில் வைத்து, கீழே ஆண்டை மட்டும் எழுதினால் பொய்யைத்தானே பாதுகாக்கிறோம்?

2012இல் டென்வரில் உள்ள கொலராடோ வரலாற்று மையம் இந்தப் படுகொலையைப் பற்றிக் காட்சி வைத்தது. எங்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்று அந்த மக்களின் வழித்தோன்றல்கள் எதிர்த்தார்கள், 2013இல் மூடினார்கள். அந்தப் பழங்குடிகளோடு கூடி உட்கார்ந்து எழுதிய புதிய காட்சி திறந்தது 2022இல். ஒன்பது ஆண்டுகள்! அங்கேயும் ஆழம் தெரியாமல்தான் காலை விட்டார்கள்.

நிலப்படத்தை வேறொரு மேடையில் விரிவாகப் பேசுகிறேன். இப்போது வேண்டுவது ஒன்றே. விளக்கப் பலகையின் வரைவை, அச்சுக்குப் போகும் முன், அது யாரைப் பற்றியதோ அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் திருத்தம் சொல்ல அவகாசமும் தர வேண்டும். இதை விதியாக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.