கட்டியாகாத கடல்பாசி: எங்கே தவறுகிறது?

அவையோருக்கு வணக்கம்.

மளிகைக் கடையில் கடல்பாசி என்று கேட்டால் வெள்ளை இழைக்கட்டு ஒன்றை எடுத்துத் தருவார்கள். அது பாசி அல்ல. பாசியை வேகவைத்து, வடித்து, உலர்த்திய அகார். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டால் கத்தியால் துண்டு போடலாம். 99 பங்குத் தண்ணீரை ஒரு பங்குப் பொருள் பிடித்து நிறுத்துகிறது! சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி அது. பாலிசாக்கரைடு என்பது அதற்குப் பொதுப்பெயர்.

அகார், காரஜீனன், ஆல்ஜினேட் மூன்றும் கடற்பாசியிலிருந்து எடுப்பவை. மூன்றையும் ‘ஜெல்லிப் பவுடர்’ என்று ஒரே டப்பாவில் அடைத்துப் பேசுகிறோம். அகார் இறுக ஆறினால் போதும். காரஜீனனின் ஒரு வகையான காப்பா காரஜீனன் ஆறவும் வேண்டும், பொட்டாசியமும் வேண்டும். ஆல்ஜினேட்டுக்குச் சூடே தேவையில்லை, கால்சியம் போதும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல தொட்டிகள் வீணாகின்றன.

முதலில் அகார். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இதற்கு மூலப்பொருள். மரிக்கொழுந்துப் பாசியின் அகார் இயல்பிலேயே உறுதியானது. கஞ்சிப்பாசியின் சங்கிலியிலோ ஆங்காங்கே சல்பேட் தொங்குகிறது. அந்த இடங்களில் சங்கிலி மடங்கிவிடுவதால் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள முடியாது, கட்டி தளர்ந்துவிடும். அதனால் பாசியை முதலில் சுமார் 5 சதக் காஸ்டிக் சோடா என்னும் காரக் கரைசலில், 80 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைக்கிறார்கள். சல்பேட் கழன்று மடிப்பு நிமிரும். நேரம் கூடினால் அகார் காரத்திலேயே கரைந்து வெளியேறும், விளைச்சல் குறையும். பிறகு நன்றாக அலசி, மீந்த காரத்தை மென்அமிலத்தால் சமன்செய்ய வேண்டும். இங்கே அமிலத்தைக் கூட்டிவிட்டால் அடுத்த கொதியில் சங்கிலி அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டவைக்க வழியில்லை.

சமையலறையில் நடப்பதும் இதே தவறுதான். எலுமிச்சைச் சாற்றை ஊற்றி அகாரைக் கொதிக்கவைக்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க அமில ஊடகம் தயாரிப்போரும் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி முடிந்த பிறகே அமிலத்தைக் கலக்கிறார்கள்.

ஆய்வுக்கூடம் என்றதும் ஃபன்னி ஹெஸ்ஸேவை நினைக்காமல் இருக்க முடியாது. 1881-இல் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினுக்குப் பதில் அகாரைப் பயன்படுத்தலாம் என்று கணவர் வால்தர் ஹெஸ்ஸேவிடம் சொன்னவர் அவர். சமையலில் பழகிய பொருள் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோச்சின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது இப்படித்தான். ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். அகார் 40 டிகிரிக்குக் கீழே இறுகும், ஆனால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். கிருமி வளர்க்கும் தட்டுகளுக்கு லிட்டருக்கு 15 கிராம் கணக்கு. 50 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். ஆறவிட்டு ஊற்றினால் திப்பி திப்பியாக விழும்.

காரஜீனன் கதை வேறு. பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட கப்பாபைகஸ் பாசியை ராமநாதபுரம் கரையோரம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள், 45 நாளில் அறுவடை. இதற்கும் காரக் குளியல் உண்டு, ஆனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில். விலை குறைவென்று காஸ்டிக் சோடாவுக்கு (சோடியம் ஹைட்ராக்சைடு) மாறினால் காரஜீனன் கரைந்து தொட்டித் தண்ணீரோடு போய்விடும். பொட்டாசியம் இருந்தால் அது பாசிக்குள்ளேயே கட்டியாகத் தங்கும், மற்றவை மட்டும் கழுவப்படும். சாக்லேட் பாலில் கோகோ அடியில் தங்காமல் இருக்க 0.03 சதத்துக்குள் போதும், ஏனெனில் பால்புரதமான கேசீனோடு அது கைகோத்துக்கொள்கிறது. அதே அளவைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பதில் பொருளில்லை.

ஆல்ஜினேட் கட்டக்கோரை என்னும் பழுப்புப் பாசியிலிருந்து வருவது. சோடியம் ஆல்ஜினேட் 2 சதக் கரைசலை 1.5 சதக் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் உடனே மணிகளாகும். பவுடரை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி உள்ளே மாவு காய்ந்தே நிற்கும். சர்க்கரையோடு கலந்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே தூவுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீரென்றால் அதிலுள்ள கால்சியமே முன்கூட்டிக் கட்டிவிடும். காய்ச்சி வடித்த நீரில் கரைப்பதே நல்லது. பாலிலும் இதே சிக்கல். மணியைக் கால்சியம் கரைசலில் வெகுநேரம் ஊறவிட்டால் உள்ளே சாறு இருக்காது, முழுதும் இறுகிவிடும்.

காயக்கட்டுத் துணியில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. கால்சியம் ஆல்ஜினேட் இழை, புண்ணிலிருந்து கசியும் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக் கால்சியத்தைக் கொடுத்து, தானே கூழாகிறது. நீர் கசியாத புண்ணில் வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பல் மருத்துவர் வாயில் அச்செடுக்கும் மாவும் ஆல்ஜினேட்தான். அதில் கால்சியம் சல்பேட் உண்டு. அது உடனே இறுக்கிவிடாமல் தடுக்கச் சிறிது பாஸ்பேட்டும் சேர்த்திருப்பார்கள். வெந்நீரில் குழைத்தால் வாய்க்குள் போகுமுன் இறுகிவிடும். எடுத்த அச்சைக் காற்றில் வைத்தால் நீர் வற்றிச் சுருங்கும். ஆகவே ஈரத்துணி சுற்றி, சீக்கிரமே ஜிப்சம் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் பல்செட் பொருந்தாது.